அந்தப் பச்சை ஜூஸை முதலில் கீழே ஊற்று

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

அன்புள்ள சரசு,

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை. உன் இடியாப்ப அச்சு பத்திரமாக இருக்கிறது, திருப்பித் தரும் உத்தேசம் இல்லை. இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்துவை, தீபாவளிக்கு நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது எழுதக் காரணம் மல்லிகா. நேற்று போனில் உன் புராணம்தான். "சரசு எப்படி இளைத்துவிட்டாள் தெரியுமா, தினமும் வெறும் வயிற்றில் ஒரு கட்டு சாயூர் மானிஸ் கீரையைப் பச்சையாக அரைத்து, வடிகட்டி, கொய்யாச் சாறு கலந்து குடிக்கிறாள்" என்றாள். அவளும் ஆரம்பிக்கப் போகிறாளாம். டீ சரசு, கையில் அந்தக் கிளாஸ் இருந்தால் முதலில் கீழே ஊற்று. பிறகு மேலே படி.

இதே இலையை, இதே மாதிரி பச்சையாக அரைத்து, கொய்யாச் சாறோ அன்னாசிச் சாறோ கலந்து, இதே உடம்பு இளைக்கத்தான் தைவானில் 1994, 1995 வாக்கில் குடித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். முதலில் படபடப்பு, கைநடுக்கம், தூக்கம் வராமை. அப்புறம் வறட்டு இருமல். அப்புறம் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. 200 பேருக்கு மேல் நுரையீரல் கெட்டது. மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போகிற காற்றுக்குழாய்களில் கடைசி நுனிக் குழாய்கள் வீங்கி, தழும்பு கட்டி, அடைபட்டுப் போயின. டாக்டர்கள் இதைப் பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ் என்பார்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்து இதில் பெரிதாகக் கேட்காது. ஸ்டீராய்டும் அப்படித்தான். ஜூஸை நிறுத்திய பிறகும் தழும்பு தழும்பாகவே நின்றது. சிலர் இறந்தார்கள், சிலருக்கு நுரையீரலையே மாற்ற வேண்டியதாயிற்று. இளைத்தது உண்மைதான். இருமி இருமி இளைத்தார்கள்.

நீ சொல்லப்போவது தெரியும். "எஸ்டேட் லயத்து வீட்டு வேலியெல்லாம் இதுதானே, அதைத் தின்றுதானே வளர்ந்தோம்?" ஆமாம், தின்றோம். எப்படித் தின்றோம் என்று யோசி. தினமும் இல்லை, எப்போதாவது ஒரு நாள். ஒரு கட்டு ஒரு குடும்பத்துக்கு, ஆளுக்கு ஒரு கைப்பிடி. அதுவும் வேகவைத்து. உன் ஜூஸில் ஐந்து பேர் கீரையும் ஒரே கிளாஸில் இருக்கிறது, அடுப்பைப் பார்க்காமல், தினமும். சக்கையை வடிகட்டிவிட்டதால் வயிறு நிறைந்து போதும் என்று தடுக்கவும் ஒன்றுமில்லை. கீரையில் இளைக்க உதவுகிற விஷயம் நார்தான், அதைத்தான் நீ குப்பையில் போடுகிறாய்.

கீரை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர்ப்பக்கம் தவசிக்கீரை என்று சொல்லி, வைட்டமின் கீரை என்று பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். இலைக்குப் புரதம் அதிகம்தான், வைட்டமின் ஏ, சி இரண்டும் உண்டு. ஆனால் செய்கிற விதம் இருக்கிறது. இலையை மட்டும் உருவிக்கொண்டு தண்டைத் தூக்கிப்போடு. பெரிய மங்குப் பாத்திரத்தில் போட்டு, அரை டீஸ்பூன் உப்புத் தூவி, துணி துவைப்பது போல் நன்றாகக் கசக்கு. மங்கு நிறைய இருந்தது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், கையெல்லாம் பச்சையாகும். இரண்டு தண்ணீரில் அலசி, இறுக்கிப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டு. பூண்டு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, கீரையைப் போட்டு ஆறேழு நிமிடம் கரும்பச்சையாகும் வரை வதக்கு. கடைசியில் இரண்டு முட்டையை உடைத்துக் கிளறினால், இலையில் உள்ள வைட்டமின் ஏ உடம்பில் சேர அந்த மஞ்சள் கருக் கொழுப்பும் உதவும். கசக்காமல் போட்டால் இலை ரப்பர் மாதிரி வாயில் நிற்கும். வாரத்துக்கு ஒரு தரம், ஆளுக்கு ஒரு கைப்பிடி. வேகவைத்தாலும் தினமும் தட்டு நிறைய வேண்டாம்.

உன் பாட்டி கசக்கிப் பிழிந்து வாய்க்காலில் கொட்டியது எதை என்று இப்போது புரிகிறதா? அதற்குத்தான் நீ கொய்யாச் சாறு கலந்துகொண்டிருக்கிறாய்.

எத்தனை வாரமாகக் குடிக்கிறாய் என்று மல்லிகாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இருமலோ, படபடப்போ, மார்க்கெட் வரை நடந்தால் மூச்சு வாங்குவதோ இருந்தால், வெயில் என்றும் வயசு என்றும் சமாதானம் சொல்லாதே. நாளைக்கே கிளினிக் போ. வெறுமனே "கீரை ஜூஸ்" என்று சொன்னால் டாக்டர் நல்லது என்று தலையாட்டிவிடுவார். சாயூர் மானிஸ், அல்லது சேக்கூர் மானிஸ், பச்சையாக, தினமும், இத்தனை வாரம் என்று சொல். தாவரப் பெயர் சாரோபஸ் ஆண்ட்ரோகைனஸ், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போ. மூச்சை ஊதி அளக்கிற பரிசோதனை செய்ய முடியுமா என்று கேள். எக்ஸ்ரே ஒழுங்காக இருக்கிறது என்றதும் திரும்பி வந்துவிடாதே. இந்த நோயில் எக்ஸ்ரே பல சமயம் ஒன்றும் காட்டாது.

இன்னொன்றும் சொன்னாள். அடுத்து மரவள்ளிக் கொழுந்தையும் அதில் சேர்க்கப் போகிறாயாமே? சேர்க்காதே. பூச்சோக் ஊபி என்கிற அந்தக் கொழுந்தில் இருப்பது சயனைடு சமாச்சாரம். இலைக்குள் அது சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். இலை நசுங்கினதும் அதிலேயே இருக்கிற நொதி ஒன்று அந்த ஒட்டைப் பிரித்துவிட, ஹைட்ரஜன் சயனைடு வெளியே வரும். அது சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், அதனால்தான் உரலில் இடித்து, கொஞ்ச நேரம் பரப்பிவைத்து, மூடாத சட்டியில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் தேங்காய்ப்பால் ஊற்றுகிறார்கள். மூடியைப் போட்டால் போக வேண்டியது சட்டிக்குள்ளேயே சுற்றும். நீ மிக்சியில் அரைத்து அப்படியே குடித்தாலோ, அந்தப் பிரிக்கிற வேலையை உன் வயிற்றுக்குள் நடத்துகிறாய்.

உன் அண்ணன் எப்படி இருக்கிறார்? டயாலிசிஸ் வாரம் மூன்று நாள்தானே? உன் வீட்டுப் பின்னால் நிற்கிற பெலிம்பிங் மரத்தை, அந்த நட்சத்திரப் பழ மரத்தை, நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. சரசு, விளையாட்டில்லை, அவருக்கு அந்தப் பழத்தில் ஒரு கீற்றுகூடக் கொடுக்காதே. அதில் காரம்பாக்சின் என்று ஒரு நரம்பு விஷம் இருக்கிறது. 2013இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள். நமக்குச் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். அவருக்குத் தள்ள ஆள் இல்லை, நேராக மூளைக்குப் போகும். முதல் அடையாளம் விக்கல், தண்ணீர் குடித்தாலும் நிற்காத விக்கல். அப்புறம் வாந்தி, உளறல், வலிப்பு. ஒரே ஒரு பழம் தின்று உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். விக்கல் ஆரம்பித்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காதே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. மீன் குழம்புக்குப் போடுகிற புளிப்புக் காய், பெலிம்பிங் பூலோவையும் அவர் தட்டில் வைக்காதே. அதில் ஆக்ஸலேட் கொள்ளை. சாறு பிழிந்து குடித்து, நல்ல சிறுநீரகத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. மரத்தை வெட்டச் சொல்லவில்லை, பேரப்பிள்ளைகள் தின்னட்டும். ஆனால் வருகிற போகிற சொந்தக்காரர்கள் "பழம்தானே" என்று நீட்டுவார்கள் பார், அவர்களிடம் முன்னாலேயே சொல்லிவை.

சரி, திட்டினது போதும். கேழ்வரகு மாவு கேட்டிருந்தாய், மணியிடம் இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். இரண்டு பொட்டலம் தனித்தனியாக இருக்கும், கலந்துவிடாதே. சிவப்பு ரிப்பன் கட்டினது பேத்திக்கு. 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்தது. முளைவிட்ட தானியம் தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துவைத்திருக்கும். அதனால் கஞ்சி கெட்டியாகாமல் நீர்த்து நிற்கும். குழந்தைக்கு அது நல்லது, சின்ன வயிற்றுக்குள் நிறைய மாவு போகும். இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கிற ஃபைட்டேட்டும் முளைகட்டினால் குறையும். அடுத்த தரம் உன் மருமகளே செய்தால், வறுக்கிறபோது பார்த்துக்கொள்ளச் சொல். தீ கூடினால் நொதி செத்துவிடும், கஞ்சி களியாகிவிடும்.

உனக்கு அந்தப் பொட்டலம் ஆகாது. குழந்தைக்கு எது வசதியோ அதுவே உன் சர்க்கரைக்கு வினை, பாதி ஜீரணமான மாவு மடமடவென்று ரத்தத்துக்குப் போய்விடும். ராகி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று யார் சொன்னார்களோ! நைசாக அரைத்த மாவில் தண்ணீர்க் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு ஊசி குத்திப் பார், தெரியும். உனக்கு ரிப்பன் இல்லாத பொட்டலம், முளைகட்டாதது, கொஞ்சம் குருணையாக அரைத்தது. களியாகக் கிண்டி, ஒரு டென்னிஸ் பந்து அளவு உருட்டி, கருவாட்டுக் குழம்போ கீரையோ நிறையப் போட்டுக்கொள். சுண்ணாம்புச்சத்து 100 கிராம் மாவில் சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது, அரிசி பக்கத்தில்கூட நிற்காது.

முருங்கைப் பொடிக்கு நீ கொடுத்த விலையைக் கேட்டுச் சிரித்தேன். டப்பாவில் "பாலைவிட 17 மடங்கு கால்சியம்" என்று போட்டிருந்தானாமே? பொய் இல்லை. 100 கிராம் காய்ந்த பொடியை 100 கிராம் பாலோடு வைத்துச் சொல்கிறான். நீ போடுவது ஒரு டீஸ்பூன், இரண்டரை கிராம் இருக்குமா? கணக்குப் பார்த்தால் மூன்று மேசைக்கரண்டிப் பாலில் இருப்பதுதான். வேலி ஓரத்து முருங்கை இலையைப் பருப்போடு போட்டுத் தின்னு, காசு மிச்சம். உன் வீட்டுக்காரர் ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற வார்ஃபரின் மாத்திரையை இன்னும் போடுகிறாரா? அப்படியென்றால் கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், பயந்து நிறுத்தவும் வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவில் போகட்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராளி. அளவு மாறினால் ரத்தப் பரிசோதனைக் கணக்கும் மாறும்.

இளைக்கத்தான் வேண்டும் என்றால் தெம்பே வாங்கு, சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக விற்பார்களே, அது. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம், நாரும் உண்டு, வயிறு நிற்கும். வெள்ளைப் பூஞ்சணம் முழுக்கப் பிடித்து, விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருப்பதாகப் பார்த்து எடு. ஓட்டை போட்ட இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. கொழகொழப்பும் மூத்திர வாடையும் அடித்தால் தூக்கி எறி. எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரித்தால் ஸ்பஞ்சு மாதிரி குடித்துவிடும், பிறகு இளைப்பாவது ஒன்றாவது! பத்து நிமிடம் ஆவியில் வைத்து, மஞ்சள், கொத்தமல்லித் தூள், கொஞ்சம் புளித்தண்ணீரில் ஊறவைத்து, தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் புரட்டு.

மல்லிகாவிடம் நான் சொன்னால் கேட்கமாட்டாள், ஏதாவது பழைய கதையை எடுத்துக்கொண்டு உட்காருவாள். நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு, இன்றைக்கே.

மணி புதன்கிழமை சித்தியவான் வருகிறான். திரும்பும்போது அவனிடம் பங்கோர் நெத்திலி அரைக் கிலோ கொடுத்தனுப்பு. பிளந்து முள் எடுத்த கொப்பேக் வேண்டாம், விலையும் ஜாஸ்தி, சுண்ணாம்பெல்லாம் அந்த முள்ளோடு போய்விடும். தலையோடு முழுசாக. உப்புக்குப் பயப்படாதே, வெந்நீரில் பத்துப் பத்து நிமிடம் இரண்டு தரம் ஊறவைத்துத்தான் சமைப்பேன்.

கிளினிக் போய் வந்ததும் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் சரி.

உன்
பாரு