சித்தப்பாவுக்கு, உங்கள் பாதி இல்லாமலே

அன்புள்ள சித்தப்பா,

என் மாமியார், நம் யாழ்ப்பாணத்து அத்தையின் ஆட்டைத் திவசத்துக்குத் திருச்சி வரை வந்ததற்கு நன்றி. முட்டி வலியோடு பஸ்ஸில் வந்தீர்கள் என்று சித்தி பிறகுதான் சொன்னார். அன்றைக்கே இதை நேரில் சொல்லியிருக்கலாம். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், நீங்கள் இலையில் உட்கார்ந்திருந்தீர்கள், அந்த நேரத்தில் வாய் வரவில்லை. சொல்ல இருந்தது இதுதான்: 1987-ல் இந்திய ராணுவம், அதில் நீங்களும், இலங்கைக்குப் போய்ப் புலிகளோடு மோதியபோது யாழ்ப்பாணத்தில் தன் ஒழுங்கையில் நடந்ததாக அத்தை சொன்னதையெல்லாம் புத்தகமாக எழுதி முடித்துவிட்டேன். தை மாதம் அச்சுக்குப் போகிறது. உங்களுக்காக இனிக் காத்திருக்கப் போவதில்லை.

நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. தனியாக எழுதினால் "உடம்பைப் பாத்துக்க கண்ணு" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயரையோ ரெஜிமென்ட்டையோ, 1987 அக்டோபர் 11 இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதையோ எழுத மாட்டேன். உங்களோடு இருந்தவர்கள் யாராவது படித்துவிட்டுப் போன் செய்தால், "அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை" என்று தாராளமாகச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. என்னிடம் நீங்கள் சொன்னதே இல்லை. அத்தையிடம்தான் சொன்னீர்கள்.

பாப்பாவுக்குக் காது குத்திய அன்று நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். பின்கட்டில் அத்தை பாக்குவெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நீங்கள் தூணில் சாய்ந்து கால் நீட்டியிருந்தீர்கள். நான் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். அத்தைதான் ஆரம்பித்தார். "தம்பி, நீங்களும் அங்கை நிண்டனீங்கள் எண்டு மகன் சொன்னவன்." நீங்கள் "ஆமாங்க அக்கா" என்றீர்கள். நான் அண்டாவை அப்படியே விட்டுவிட்டேன். என்ன ஆகுமோ என்று வயிறு கலங்கியது.

ஒன்றும் ஆகவில்லை. "எந்தப் பக்கத்தாலை வந்தனீங்கள்?" என்று, ஊருக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார். நீங்கள் சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து சிமென்ட் தரையில் கோடு போட்டீர்கள். அது ரயில் பாதை. அப்புறம் காங்கேசன்துறை வீதி. ஒரு வட்டம், அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லைத் தம்பி, எங்கட ஒழுங்கை இன்னும் கிட்ட" என்று நீங்கள் போட்டதை உள்ளங்கையால் அழித்து வேறு இடத்தில் போட்டார். நீங்கள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தீர்கள். "எங்க மேப்புல இந்தச் சந்தே இல்லைங்க அக்கா."

அப்புறம் டாங்கிகள். சாலையில் கண்ணிவெடி இருக்கும் என்பதால் தண்டவாளத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனதை நீங்கள் சொன்னீர்கள். "ரெயில் பாதையாலை டாங்கி வருமெண்டு ஆர் நினைச்சது" என்றார் அத்தை. ரோட்டுப் பக்கம் பயந்து பின்வளவுக்கு ஓடியவர்கள் நேரே அதன் முன்னால் போய் நின்ற கதையைச் சொன்னார். அது உங்களுக்குத் தெரியாது. உங்கள் முகத்திலேயே தெரிந்தது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும், அப்போது ஐந்து வயதான என் கணவர் "பார்சல் போடப் போகினமோ?" என்று கேட்டாராம். நாலு மாதம் முன்னால், ஜூன் 4-ம் தேதி, இதே இந்தியா ஐந்து ஏ.என்-32 விமானங்களில் வந்து யாழ்ப்பாணத்தின் மேல் சாப்பாட்டு மூட்டைகள் போட்டிருந்தது. பிள்ளைக்கு அந்த ஞாபகம்.

அப்போதுதான் அத்தை புலிகளைப் பற்றி அதைச் சொன்னார். அவர் வாயில் அவர்கள் "பெடியள்". "பின்னேரமே பெடியளின்ரை முகம் மாறிப்போச்சு தம்பி. ஏதோ வரப்போகுதெண்டு ஒழுங்கைக்கே தெரிஞ்சுது."

நீங்கள் தலை நிமிரவில்லை. "எங்களுக்கு மட்டுந்தாங்க அக்கா தெரியலை."

ஒரு மணி நேரம் பேசியிருப்பீர்கள். நீங்கள் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார், அவர் கேட்டதற்கு நீங்கள் சொன்னீர்கள். அந்தப் போரைப் பற்றி நான் கேட்டதிலேயே சிறந்த பேச்சு அதுதான். ஜெனரல்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன், தூதர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். கருத்தரங்குகளில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். மேலே இருந்து உத்தரவு வாங்கி வந்தவரும், கீழே கிணற்றடியில் படுத்திருந்தவரும் ஒரே தரையைப் பார்த்துப் பேசியதை வேறெங்கும் கேட்டதில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். "வண்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்தீர்கள். வண்டிக்கு நிறைய நேரம் இருந்தது, சித்தப்பா.

அதற்கப்புறம் நான் கேட்ட போதெல்லாம் "அது முடிஞ்ச கதை" என்றீர்கள். அத்தைக்கு அது முடியவில்லை. கொக்குவிலில் அத்தையின் அந்தப் பிரம்படி ஒழுங்கையில் அப்போது செத்தவர்களுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே விளக்கேற்றுகிறார்கள். போரில் அழிந்த, அந்தப் பக்கம் போகிற ரயில் பாதையைப் பிறகு இந்திய நிறுவனமான இர்கான்தான் திரும்பப் போட்டுக் கொடுத்தது. யாழ்தேவி ரயிலில் போகிற சின்னப் பையன்களுக்கு அந்தத் தடத்தில் எது வந்தது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

உங்கள் பக்கத்தையும் நான் மறக்கவில்லை. அந்த இரவில் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கிய 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் ஒரு பிளாட்டூன் அங்கேயே மாட்டிக்கொண்டது. எதிர்த்தரப்பு வயர்லெஸ் பேச்சைக் கேட்டுவிட்டது, இறங்குகிற இடத்தில் காத்திருந்து சுட்டது. ஹெலிகாப்டர்கள் அடிபட்டதால் மீதிப் பேரை இறக்க முடியவில்லை. இறங்கியவர்களில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கூட இறங்கிய பாரா கமாண்டோக்களை டாங்கிகள் போய்த்தான் மீட்டன. இது எல்லாமே வெளியில் கிடைக்கிற தகவல். உங்களிடமிருந்து வந்ததில்லை என்று மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சாபிலிருந்து வந்த அந்தப் பையன்களுக்குக் கொக்குவில் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? அவர்களை அங்கே இறக்கச் சொன்ன திட்டத்தை யார் போட்டது, எந்தத் தகவலை நம்பிப் போட்டது, யார் சரி என்று கையெழுத்திட்டது? 1999-ல் கார்கிலில் 527 பேரை இழந்தோம். சண்டை ஓய்ந்த கையோடு, ஜூலை 29-ம் தேதி, நம் திருச்சிக்காரர் கே. சுப்ரமணியம் தலைமையில் கமிட்டி போட்டார்கள். 2000 பிப்ரவரியில் அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. சில பக்கங்களை மறைத்தார்கள்தான், ஆனாலும் வந்தது. உளவுத் தகவல் எங்கே கோட்டை விட்டது, முப்படைகளும் எப்படித் தனித்தனியாக நின்றன என்று நாடே படித்தது. பாதுகாப்பு உளவு முகமை என்று தனி அமைப்பு வந்தது, முப்படைகளுக்கும் பொதுவான தலைமையகம் வந்தது, இருபது வருடம் கழித்து முப்படைத் தலைமைத் தளபதி பதவியும் வந்தது. இலங்கையில் ஏறக்குறைய 1,200 பேரை இழந்தோம். அதற்கு அப்படி ஒரு அறிக்கை இன்று வரை நம் கைக்கு வரவில்லை. 1962 சீனப் போர் பற்றி ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் எழுதிய விசாரணை அறிக்கையையே 2010-ல்கூட வெளியிட முடியாது என்று பாராளுமன்றத்தில் சொன்னார்கள். 25 வருடம் ஆன போர் ஆவணங்களைப் பொதுவாக வெளியே விடலாம் என்று 2021-ல் பாதுகாப்பு அமைச்சகமே கொள்கை அறிவித்தது. இலங்கைக்குப் போய் 25 வருடம் எப்போதோ தாண்டிவிட்டது.

இலங்கையில் உயிரைக் கொடுத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தோம். அவருக்கு அது தகும், ஆயிரம் தடவை தகும். 1987 நவம்பர் 25 அன்று அவர் செய்ததைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கண் கலங்கும். ஆனால் வீரத்துக்குப் பதக்கம் கொடுத்துவிட்டால் திட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா?

ஜெனரல் சுந்தர்ஜி பெயரை எடுத்தால் உங்களுக்குக் கோபம் வரும். செங்கல்பட்டில் பிறந்து தரைப்படைக்கே தளபதி ஆனவர், டாங்கிப் போரைப் பற்றி அவரைப் போல் யோசித்தவர் இந்தியாவில் குறைவு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புலிகள் மோதினால் இரண்டு வாரத்தில் அடக்கிவிடலாம் என்று அவர் பிரதமரிடம் சொன்னதாக, அப்போது கொழும்பில் தூதராக இருந்த டிக்ஷித் எழுதியிருக்கிறார். கடைசிப் படை திருகோணமலையை விட்டுக் கிளம்பியது 1990 மார்ச் 24. இதைச் சொன்னால் பட்டாளத்தை அவமதிப்பதாக எப்படி ஆகும்? அந்த இரண்டு வாரக் கணக்கை நம்பிப் போனவர் நீங்கள்தானே. உங்களுக்காகத்தானே கோபப்படுகிறேன்.

நீங்கள் திரும்பி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்புக்கு முதல்வர் கலைஞர் வர மறுத்துவிட்டார். தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலைப்பாடு. கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்கு அப்பா மட்டும் போய் உங்களைக் கூட்டி வந்தார். பெரியவர்கள் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாட்டி உங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார், நீங்கள் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். தெருவில் இருந்தவர்கள் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். அந்த வயதில் புரியவில்லை. இப்போது புரிகிறது. உங்களை வாயடைக்க வைத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் சித்தப்பா, நீங்கள் எல்லோரிடமும் வாயை மூடிக்கொள்ளவில்லையே. பயிற்சிக்கு வந்த இளம் அதிகாரிகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தீர்கள். "அங்கிள் அவ்வளவு வெளிப்படையா பேசுவார்" என்று அவர்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். எது தப்பாகப் போனது, யார் அவசரப்பட்டது, எல்லாம். பூட்டிய அறைக்குள் உங்கள் ஆட்களுக்கு ஒரு உண்மை. எங்களுக்கு "முடிஞ்ச கதை". இங்கே டிவியில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேப் போட்டு அம்புக்குறி காட்டிக் கத்துகிறார்கள். தெரிந்தவர்கள் ஒதுங்கினால் அந்த நாற்காலியில் வேறு யார் உட்காருவார்கள்?

இந்தப் பத்தியை நிறைய தடவை எழுதி அழித்தேன். அக்டோபர் 21, அன்று தீபாவளி. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியத் துருப்புகளின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நீங்கள் அங்கே இல்லை. அது எனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன். புத்தகத்தில் இருக்கும். அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். அத்தையின் சிநேகிதி ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

அத்தை உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. கடைசி மாதங்களில்கூட "அந்தத் தம்பி எப்பிடி இருக்கிறார், இன்னொருக்கால் வரச்சொல்லு பிள்ளை, கேக்கிறதுக்கு இருக்கு" என்பார். நான் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் வரவில்லை. திவசத்துக்கு மட்டும் வந்தீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் அன்று சொன்னதை நான் திருடிக்கொள்ள மாட்டேன். சித்தப்பா, இது சத்தியம். மேலே எழுதிய இரண்டு மூன்று வாக்கியங்களைத் தவிர, உங்கள் வாயிலிருந்து வந்த எதுவும் புத்தகத்தில் கிடையாது. அந்த இரண்டு மூன்றும் அத்தைக்குச் சொன்ன பதில்கள். அவர் கதையில் அவை இல்லாவிட்டால் அவர் யாரிடம் பேசினார் என்றே தெரியாது. உங்களிடம் அனுமதி கேட்காமல் இங்கே போட்டதற்கு மன்னித்துவிடுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை.

புத்தகத்தின் நடுவில் ஒரு அத்தியாயம், அக்டோபர் 11 மாலையிலிருந்து 13 காலை வரை. அத்தை சொன்னது ஒரு பக்கம், வெளியான ஆவணங்களிலிருந்து எடுத்தது எதிர்ப்பக்கம். நிறைய இடத்தில் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. முக்கியமாக 12-ம் தேதி விடிந்த பிறகு. யார் முதலில் அந்த ஒழுங்கைக்குள் வந்தது, என்ன உத்தரவோடு வந்தது என்பதுதான் அத்தை உங்களிடம் கேட்க வைத்திருந்த கேள்வி. அதை நான் கற்பனையால் நிரப்பவில்லை. காலியாகவே விட்டிருக்கிறேன்.

பிரதியை நாளை கூரியரில் அனுப்புகிறேன். பெரிய எழுத்தில் எடுத்திருக்கிறேன், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். இடம், நேரம், படைப்பிரிவு இவற்றில் தப்பு இருந்தால் பென்சிலால் குறித்துக் கொடுங்கள், திருத்திவிடுகிறேன். கருத்தை மாற்ற மாட்டேன். மார்கழி முடிகிற வரை அச்சகத்தில் கேட்டு நிறுத்தி வைக்க முடியும். காலியாக இருக்கிற பக்கங்களில் உங்களுக்கு எழுதத் தோன்றினால் எழுதுங்கள், பெயர் போட வேண்டியதில்லை. எழுதாவிட்டால் அவை காலியாகவே அச்சாகும்.

உங்கள் அண்ணன் மகள்