பெட்ரோல் வாடை எப்போது வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் பராமரிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயர், பிரேக், பேட்டரி எல்லாம் விவரமாக இருந்தன. ஆனால் காருக்குள் வரும் பெட்ரோல் வாடை பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வாடையோடு பல மாதம் வண்டி ஓட்டியவன் நான், அதுவும் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 1997-இல் வாங்கிய மாருதி 800. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி. போன ஆடி அமாவாசைக்குப் பாளையங்கோட்டையில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு பாபநாசம் புறப்பட்டோம். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் பின்சீட்டில் இருந்த பேத்தி இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். காலையில் தின்றது சேரவில்லை என்று பிள்ளையைத்தான் குறை சொன்னோம். “பெட்ரோல் வாடை அடிக்குது தாத்தா” என்று அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஊர் திரும்பியபின் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒன்றில், “பழைய வண்டின்னா அப்படித்தான் சார்” என்றார்கள். இன்னொன்றில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் உள்ளே தேய்கிற சின்னச் சாமான்களான கிட்டை மாற்றினார்கள். பணம் போனது, வாடை போகவில்லை. புகைச் சான்றிதழ் சரியாகத்தானே இருக்கிறது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தச் சோதனை சைலன்சர் வழியே வரும் புகையைத்தான் அளக்கும், டேங்க் பக்கம் கசிவது அதில் தெரியவே தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் மேலப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கக்கூட இல்லை. “வாடை எப்பம் வருது அண்ணாச்சி? டேங்க் நெறஞ்சிருக்கும்போதா, கொறஞ்ச பிறகா? ஓடும்போதா, நிறுத்தின பிறகா? முன்சீட்டுலயா, பின்சீட்டுலயா?” என்று வரிசையாகக் கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ரெண்டு வாரம் எழுதி வைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. டேங்க் நிரப்பிய நாளும் மறுநாளும் வாடை கடுமையாக இருந்தது. பாதிக்குக் கீழே இறங்கியதும் அறவே இல்லை. முன்னால் உட்கார்ந்த எனக்கு லேசாகத்தான் தெரிந்தது, பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் மூக்கைத் துளைத்தது. நோட்டைப் பார்த்ததும் அவர் நேரே பின்பக்கம் போய்ப் படுத்துவிட்டார். பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாயை ஒட்டி டேங்க்கின் மேல்புறத்துக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய், டேங்க்குக்குள் இருக்கும் காற்று வெளியேறுவதற்கானது. கீழிருந்து பார்த்தால் புதிதுபோல இருந்தது. விரலால் வளைத்ததும் மேல்பக்கம் பாளம் பாளமாக வாய் பிளந்தது. கிளிப்பும் துருப்பிடித்து இளகிக் கிடந்தது. முழம்கூட வராத குழாயும் இரண்டு கிளிப்பும்தான் செலவு.

அன்று அவர் சொன்னதை எல்லாப் பழைய கார்க்காரர்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஓடிச் சூடான வண்டியை நிறுத்தியபின் பானட் பக்கம் வாடை வந்தால் கார்புரேட்டரையும், அதற்கு வரும் குழாய்களையும் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் இன்ஜினோடு சேர்ந்து ஓடும் பெட்ரோல் பம்ப் உண்டு. அதன் உள்சவ்வு கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். ஆயில் அளக்கும் கம்பியை உருவி மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். டிக்கிக் கதவின் ரப்பர் நைந்திருந்தால் ஓடும்போது புகையே உள்ளே வரும். அதில் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும், அது ஆளையே கொல்லக்கூடியது.

இன்னொன்று, ஓட்டுகிறவர் மூக்கை நம்பக்கூடாது. கொஞ்ச நேரத்தில் அது வாடைக்குப் பழகிவிடும். வெளியிலிருந்து புதிதாக வந்து ஏறுகிறவரைக் கேட்க வேண்டும். என் பேத்தியைக் கேட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் கார் ஷெட்டும் அடுக்களையும் அடுத்தடுத்து இருக்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குள் வரும். அந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது. வாடை வந்தால் ஷெட் கதவைத் திறந்துவிட்டு, வண்டியைத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஸ்டார்ட் பண்ண வேண்டாம், ஸ்விட்ச் போட வேண்டாம். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வேலை கூடவே கூடாது.

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களையும், இணைப்புகளில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்தியப் பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் சொல்லியிருக்கிறது. எங்கள் வண்டிகளின் குழாய்கள் இந்தக் கலவையை நினைத்துச் செய்தவை அல்ல. ஆனால் கடைகளில் தண்ணீருக்கும் காற்றுக்குமான குழாயை நறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்ரோல் குழாயில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்பதுபோலத் தரக்குறி அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பங்க்கில் டேங்க் நிரம்பிக் குழாய் தானாக நின்றபிறகும் (ஆட்டோ கட்) கழுத்துவரை ஊற்றச் சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். நான் இருபது வருஷம் அப்படித்தான் ஊற்றினேன்.

ரப்பர் குழாய்களைப் பற்றி மட்டும், படங்களோடு, ஒரு கட்டுரை வெளியிடுங்கள் ஐயா. அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர் பக்கமெல்லாம் இந்தப் பழைய வண்டிகளில்தான் இன்னும் குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறார்கள். “பழைய வண்டின்னா அப்படித்தான்” என்ற பதிலோடு யாரும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.