தெற்கு ஸ்பெயினில் எங்கே தங்குவது? முதலில் மலையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தெற்கு ஸ்பெயினைப் பற்றி வெளியான பயணக் கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். கடலையும் மலையையும் ஒரே விடுமுறையில் பார்க்கக் கிடைக்கும் அந்தப் பகுதியைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் கடற்கரையில் ஏதேனும் ஓர் ஊரில் அறை எடுத்துவிட்டால் அங்கிருந்தே வெள்ளைக் கிராமங்கள் (சுண்ணாம்பு அடித்த வீடுகள் நிறைந்த மலைக்கிராமங்கள்) அனைத்தையும் நாளுக்கு ஒன்றாகப் பார்த்துவிடலாம் என்று கட்டுரை கூறியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஐரோப்பாவில் பணிபுரியும் மகளின் குடும்பத்துடன் அப்பகுதியில் தங்கியவன் என்ற முறையில், அந்த அறிவுரை வயதான பெற்றோரையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்களைத் தவறான ஊரில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்று கவலைப்படுகிறேன்.

தெற்கு ஸ்பெயினின் மாநிலமான அந்தலூசியாவின் தென்கரையை வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே அருகருகே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அங்கே மலைத்தொடர்கள் கடற்கரைக்கு இணையாகக் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. பல இடங்களில் கடலை ஒட்டியே எழுந்து நிற்கின்றன. கரையோரமாகச் செல்லும் ஏ-7 நெடுஞ்சாலையில் ஊர்விட்டு ஊர் விரைவாகப் போய்விடலாம். உள்நாட்டை நோக்கித் திரும்பினாலோ, மலையேறும் சாலைகள் சிலவே. அவையும் வளைந்து வளைந்து செல்பவை. கடற்கரை ஊரான மார்பெய்யாவை அடுத்த சான் பெத்ரோ தே அல்கான்தராவிலிருந்து மலைநகரான ரோன்டாவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த மலைப்பாதையில் ஏறிச் செல்ல ஒரு மணி நேரம் ஆகிறது. வளைவுகளில் தலைசுற்றல் வருபவர்களுக்கு அது இன்னும் நீண்டதாகத் தெரியும். ஒரு மலைத்தொடரின் கிராமத்திலிருந்து அடுத்த தொடரின் கிராமத்துக்குப் போக வேண்டுமென்றால், பெரும்பாலும் கடற்கரைக்கு இறங்கி, கரையோரமாகப் பயணம் செய்து, மீண்டும் ஏற வேண்டியிருக்கும். ஆகவே அந்தக் கரையின் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குப் பின்னால் நிற்கும் மலையே உரியது என்பதை மனத்தில் கொண்டு, எந்த மலையைப் பார்க்க விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே தங்கும் ஊரைத் தேட வேண்டும் என்பது என் கருத்து.

கடலும் மலைக்கிராமமும் மிக நெருக்கமாக அமைந்த இடம், விமான நிலையமுள்ள கடற்கரை நகரமான மாலகாவுக்குக் கிழக்கே, காரில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள நெர்ஹா. அக்சர்கீயா என்று அழைக்கப்படும் அந்த வட்டாரத்தில், 2,000 மீட்டரைத் தாண்டும் மரோமா சிகரத்தையும் அல்மிஹாரா மலைகளையும் முதுகில் சாய்த்துக்கொண்டு அந்த ஊர் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. ஊரின் நடுவே கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைமுனையில் அமைந்த ‘பால்கோன் தே எவுரோப்பா’ முற்றத்திலிருந்து மலையையும் அலையையும் ஒருசேரப் பார்க்கலாம். 1959ஆம் ஆண்டு சில சிறுவர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்த நெர்ஹா குகை அருகிலுள்ள மாரோ என்ற சிற்றூரில் இருக்கிறது. மேலே, சுமார் 300 மீட்டர் உயரத்தில், ஃப்ரிஹிலியானா. நெர்ஹாவிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். பேருந்தில் சிறிது நேரத்தில் போய்ச் சேரலாம். சுண்ணாம்பு அடித்த வீடுகளுக்கிடையே கூழாங்கற்கள் பதித்த படிக்கட்டுத் தெருக்களில் ஏறும்போது, 1569இல் அந்த மலையுச்சியில் மொரிஸ்கோ மக்கள், அதாவது மதம் மாற்றப்பட்ட முஸ்லிம் குடிகள், ஸ்பானிய அரசுக்கு எதிராகப் போரிட்டு வீழ்ந்த வரலாறு சுவர்களில் பீங்கான் ஓடுகளில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் பூந்தொட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டு அந்த ஓடுகளைக் கடந்து போய்விடுகிறார்கள். அவ்வளவு அழகிய ஊரின் துயரத்தைச் சொல்லும் அந்த வரிகளை நின்று படிக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்மவர்களுக்கு நெர்ஹாவைப் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த வட்டாரத்தின் சரிவுகளில் மாம்பழமும் அவகாடோவும் தோப்புத் தோப்பாக விளைகின்றன. ஃப்ரிஹிலியானாவில் இன்றும் கரும்புப் பாகு காய்ச்சும் ஆலை ஒன்று இருக்கிறது. அந்தப் பாகை ஊற்றிப் பரிமாறும் பொரித்த கத்தரிக்காய் மரக்கறி உண்பவர்களுக்கு நல்ல உணவு. பாதாம் பருப்பையும் பூண்டையும் அரைத்துச் செய்யும் குளிர்ந்த அஹோபிளாங்கோவும் அப்படியே. சால்மொரேஹோ என்ற தக்காளிக் கூழைக் கேட்டால் மட்டும், மேலே பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மதிய உணவு இரண்டு மணிக்கு மேல்தான். அதன் பிறகு மலைக்கிராம உணவகங்கள் மூடிவிட்டால் இரவு எட்டு, எட்டரைக்கு முன் அடுப்பு எரிவதில்லை. மாத்திரை போட்டுக்கொள்ளும் முதியவர்களுடன் செல்பவர்கள் சமையலறை உள்ள குடியிருப்பாகப் பார்த்து எடுப்பது நல்லது.

ஆனால் ரோன்டாவைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் நெர்ஹாவில் தங்கக் கூடாது. ஒரே நாளில் போய்த் திரும்புவது உடலை வருத்தும். ரோன்டா மலைப்பகுதியின் தலையாய ஊர். சுமார் 740 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்கு நகரை இரண்டாகப் பிளக்கிறது. 1793இல் கட்டி முடிக்கப்பட்ட ‘புவென்தே நுவெவோ’ பாலத்தைப் பார்க்க, கடற்கரையிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வருகிறார்கள். காலை பதினொரு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே நிற்க இடம் கிடைப்பது அரிது. அந்தப் பேருந்துகள் இறங்கிப் போன பிறகுதான் ரோன்டா தன் மக்களிடம் திரும்புகிறது. மாலை வெயில் பாறைமுகத்தில் விழும் அந்த நேரத்தைக் காண வேண்டுமானால் இரவு அங்கேயே தங்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று இரவுகள் தங்கினால் கிராசலேமா, சஹாரா தே லா சியெர்ரா, பாறையின் அடிவயிற்றுக்குள் வீடுகள் நுழைந்திருக்கும் செட்டெனில் ஆகிய ஊர்களைக் காரில் நிதானமாகப் பார்க்கலாம். கிராசலேமா ஸ்பெயினிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. தெற்கு ஸ்பெயின் என்றாலே வறண்ட வெயில் என்று நினைத்துக் குடையில்லாமல் போனவர்கள் நனைந்துதான் திரும்புவார்கள். அங்கேயும் ரோன்டாவைச் சுற்றிலும் சில மலைச்சரிவுகளில் பின்சாப்போ என்ற அரிய ஃபிர் மரக்காடுகள் எஞ்சியுள்ளன. இந்த மலைகளின் கடற்கரை எஸ்டெபோனா. அதன் பின்னால் மலைமுகட்டில் தொங்குவதுபோல் நிற்கும் கசாரெஸ் கிராமத்துக்கு எஸ்டெபோனாவில் தங்கியே போய் வரலாம்.

மூன்றாவது மலை அல்புஹாரா. சியெர்ரா நெவாடாவின் தெற்குச் சரிவில், பாம்பனெய்ரா, பூபியோன், கபிலெய்ரா ஆகிய மூன்று கிராமங்கள் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்கின்றன; கபிலெய்ரா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்குள்ள வீடுகளுக்குச் சாய்வான ஓட்டுக்கூரை கிடையாது. சாம்பல்நிறக் களிமண்ணை அழுத்திப் பரப்பிய தட்டைக் கூரைகள்தான். முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் வெட்டப்பட்ட வாய்க்கால்களில் பனி உருகிய நீர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயரமான சிகரமான முல்அசேனும் இந்த மலையில்தான் இருக்கிறது. இந்தக் கிராமங்களுக்குக் கடற்கரையிலிருந்து நேரடிப் பேருந்து வசதி போதாது. உள்நாட்டு நகரமான கிரனாடாவிலிருந்து பேருந்து உண்டு. சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே அல்புஹாராவை விரும்புபவர்கள் கிரனாடாவில் சில இரவுகள் தங்கி, அல்ஹம்பிரா மாளிகையையும் பார்த்துவிட்டு மலையேறுவதே சரியான வழி. அல்ஹம்பிராவின் நுழைவுச்சீட்டு கடவுச்சீட்டு விவரங்களுடன் பெயருக்கே வழங்கப்படுகிறது. அதனுள் இருக்கும், நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் அரண்மனைகளுக்குள் நுழையக் குறிப்பிட்ட நேரம் தரப்படுகிறது. அந்தச் சீட்டுக் கிடைத்த பிறகு விடுதியை முன்பதிவு செய்யுங்கள். விடுதியை எடுத்துவிட்டுச் சீட்டைத் தேடுபவர்கள் பருவகாலத்தில் ஏமாந்து போகிறார்கள்.

எந்த மலை என்று முடிவு செய்ய முடியாதவர்களும், கார் ஓட்ட விரும்பாதவர்களும் மாலகா நகரிலேயே தங்கலாம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. அதே ரயில் டோரெமோலினோஸ், பெனால்மாதெனா வழியாக ஃபுயென்ஹிரோலா வரை கரையோரமாகச் சென்று அங்கேயே முடிந்துவிடுகிறது. மார்பெய்யாவுக்கும் நெர்ஹாவுக்கும் ரயில் கிடையாது என்பதைப் பலர் அங்கே போய் இறங்கிய பிறகுதான் அறிகிறார்கள். ஃபுயென்ஹிரோலாவிலிருந்து பேருந்தில் ஏறினால் 430 மீட்டர் உயரத்திலுள்ள மிஹாஸ் கிராமம் எளிதாகக் கிடைத்துவிடும். கூட்டம் மிகுந்த ஊர்தான் என்றாலும், நடக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு மலைக்கிராமத்தின் ருசியைக் காட்ட அதைவிட எளிய இடம் இல்லை. மாலகாவிலேயே ஓவியர் பிகாசோ பிறந்த வீடும், 2003இல் திறக்கப்பட்ட பிகாசோ அருங்காட்சியகமும், ஒரு கோபுரம் கட்டி முடிக்கப்படாமல் நின்றுவிட்ட பேராலயமும், அல்காசாபா கோட்டையும் நடந்து பார்க்கும் தொலைவில் உள்ளன. ரோன்டா, நெர்ஹா, கிரனாடா மூன்றுக்கும் பேருந்துகள் புறப்படும் நிலையம் பெரிய ரயில் நிலையத்தை ஒட்டியே இருப்பதால், அதன் அருகே தங்குவது கடற்கரைக் காட்சியுள்ள அறையைவிடப் பயனுள்ளது. ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்கு முன் திரும்பிவரும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் அட்டவணை வேறாக இருக்கும்.

தங்குமிடம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாலகாவின் பழைய நகரத்தில் வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போய்விட்டதால், அங்கே பிறந்தவர்களுக்கே குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. 2024 ஜூனில் அதைக் கண்டித்து மக்கள் பெருந்திரளாக ஊர்வலம் சென்றனர். 2025 ஜூலை முதல் இணையத்தில் விளம்பரப்படுத்தப்படும் குறுகியகால வாடகை வீடுகளுக்கு ஸ்பெயின் அரசின் பதிவு எண் கட்டாயம். அந்த எண் இல்லாத வீட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நம் வாசகர்கள் எடுக்க வேண்டாம். பயணி என்ற முறையில் அந்த ஊர் மக்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

காரை நம்பிச் செல்பவர்கள் புறப்படுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டு செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழகாதவர்கள் முதல் நாளே ரோன்டா மலைப்பாதையில் ஏற வேண்டாம். கிராமத்துக்குள் தெருக்கள் மிகக் குறுகலானவை. ஊரின் நுழைவாயிலில் உள்ள நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு நடப்பதே நல்லது. விசா விண்ணப்பத்தையும் மறக்கக் கூடாது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் விதிப்படி அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ சென்று, இடையில் ஒரு வாரம் ஸ்பெயினுக்குப் போகும் பெற்றோர், தங்கும் நாட்களை முதலிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்டில் கடற்கரை நெரிசலாகிவிடும். உள்நாட்டில் செவில்லும் கோர்தோபாவும் 40 டிகிரியைத் தொடும். ‘தெர்ரால்’ என்ற நிலக்காற்று வீசும் நாட்களில் மாலகாவும் சுட்டெரிக்கும். மலை நடைக்கு ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் சிறந்தவை. ஆனால் ஏப்ரலில் அந்தக் கடல் நீர் 16 டிகிரி அளவில்தான் இருக்கும்; நம் கடற்கரையில் குளித்துப் பழகிய குழந்தைகள் கால் வைத்ததும் ஓடிவந்துவிடுவார்கள். கடலில் குளிப்பதே முதன்மை என்றால் செப்டம்பர்தான் உகந்தது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மாலகாவின் தெருக்கள் ஊர்வலங்களுக்காக அடைக்கப்படும். அதைக் காண விரும்புபவர்கள் மட்டும் அந்த நாட்களில் அங்கே அறை எடுக்கலாம், அதுவும் பல மாதங்களுக்கு முன்பே.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது, மலைத்தொடர்களையும் அவற்றைக் கடக்கும் சாலைகளையும் ரயில் முடியும் ஊரையும் காட்டும் சிறிய வரைபடம் ஒன்றை உடன் அச்சிடுங்கள். கடற்கரைப் படங்களில் ஒன்றைக் குறைத்தால்கூட அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.