இன்சுலின் வாங்க வரும் பிள்ளைகளின் கால்களையும் பாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மகளுக்கு 5 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது அவளுக்கு 14. இத்தனை வருடமாக மாதம் தவறாமல் இன்சுலின் வாங்கப் போகிறோம். எடை பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், டோஸை மாற்றி எழுதுவார்கள். சர்க்கரை நோய் கால் நரம்புகளையும் கெடுக்கும். ஆனாலும் செருப்பைக் கழற்றச் சொன்னவர் ஒருவருமில்லை.

போன வருடம் வேறு ஊரில் ஒரு டாக்டர் கழற்றச் சொன்னார். இசைக்கவை என்ற உலோகக் கவட்டையைத் தட்டி அவளுடைய கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, "அதிர்வு நின்னதும் சொல்லும்மா" என்றார். கொஞ்ச நேரத்தில் "நின்னுடுச்சு" என்றாள். உடனே அதை என் விரலில் வைத்தார். எனக்கு அதிர்வு நன்றாகவே தெரிந்தது. அப்புறம் எடுத்த நரம்புக் கடத்தல் சோதனையில் இரண்டு கால்களிலுமே நரம்பின் வேகம் குறைந்திருப்பது உறுதியானது. எரிச்சல், மதமதப்பு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எப்போதாவது ராத்திரியில் கால் குடையுது என்பாள். வளர்கிற பிள்ளைதானே என்று எண்ணெய் தேய்த்துவிட்டு நானும் தூங்கிவிடுவேன். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

நோய் வந்து 5 ஆண்டுகள் ஆன பிள்ளைக்கு 10 வயதிலோ பருவமடையும்போதோ, எது முந்தியோ அப்போதிருந்து வருடத்துக்கு ஒருமுறை பாதத்தைச் சோதிக்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். அந்தக் கணக்குப்படி என் மகளுக்கு 3 வருடம் வீணாகிவிட்டது. அந்த 3 வருடம் சின்ன விஷயமில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 முதல் 39 வயது வரையிலான 1,441 டைப் 1 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. சர்க்கரையைக் கறாராகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்திருந்தது. முன்பே தெரிந்திருந்தால் நாங்களும் இன்னும் கவனமாக இருந்திருப்போம்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெரியவர்களின் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். பிள்ளைகளைத் தேடிப் போகக்கூட வேண்டாம், இன்சுலினுக்காக அவர்களே உங்களிடம் வருகிறார்கள். அங்கேயே ஒரு இசைக்கவையும், பாதத்தில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழையும் இருக்கட்டும். சில நிமிட வேலைதான். ஆனால் பிள்ளைகளிடம் ஆரம்பப் பாதிப்பு இவற்றில் தப்பிவிடலாம். அதனால் சந்தேகம் வந்தால் காத்திருக்க வைக்காமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்புக் கடத்தல் சோதனைக்கு எழுதிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சர்க்கரை நோட்டில் பாதத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்