கையுறையின் விரல் நுனி

ஆசிரியருக்கு வணக்கம்.

இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கதீட்டர் (உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், அதை உருவாக்கிய அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டியின் பெயரே இல்லை, மனம் ஒப்பவில்லை. கால் தமனியில் இரத்தக்கட்டி அடைத்தால் நீளமாகக் கிழித்துத் திறக்க வேண்டியிருந்த காலம் அது. லேடெக்ஸ் கையுறையின் விரல் நுனியை வெட்டி, மெல்லிய கதீட்டரின் முனையில் கட்டினார் அவர். பசை ஒட்டவில்லை, சிறுவயதில் மீன்பிடிக்கக் கற்ற முடிச்சுதான் கைகொடுத்தது. சுருங்கிய பலூனுடன் கதீட்டர் கட்டியைத் தாண்டிச் செல்லும். அங்கே பலூனை உப்பவைத்து மெல்ல இழுத்தால், சிறிய கீறல் வழியாகக் கட்டி வெளியே வந்துவிடும். 1963-இல் இம்முறை மருத்துவ இதழில் வெளியானது.

இன்னொரு குறை, நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. கால் திடீரெனச் சில்லிட்டு, வெளுத்து, வலித்து மரத்துப்போனால் அது அவசரம். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் தசை மடியத் தொடங்கும். சுளுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிட்டபடி விடியட்டும் என்று காத்திருப்பவர்களை நினைத்தால் பதறுகிறது. இந்த அறிகுறிகளைத் தனியே கட்டம் கட்டி வெளியிடுங்கள், தயவுசெய்து.

தங்கள் நெடுநாள் வாசகர்