"கடைசியில சாரி சொல்லிடுவேன்": குழந்தைகளுக்காகக் கதை செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்கான கார்ட்டூன்களையும் தொடர்களையும் காணொளிகளையும் எழுதுகிற, இயக்குகிற, டப்பிங் செய்கிற, வெளியிடுகிற அனைவருக்கும்,

வணக்கம். நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. நான்கைந்து வயதுப் பிள்ளைகளோடுதான் என் பகல் முழுவதும் கழிகிறது. உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதும் வசனங்களைத் தினமும் கேட்கிறேன். மரக்கட்டைகளை அடுக்கும் மூலையில், ஊஞ்சலுக்காக வரிசையில் நிற்கும் இடத்தில், கை கழுவும் குழாயடியில், உங்கள் குரல்கள்தான் பிள்ளைகளின் வாய்வழியே வருகின்றன.

இந்த மடலை எழுதவைத்தது ஒரு சின்னச் சம்பவம். ஒரு பையன், இன்னொருவன் பாடுபட்டு அடுக்கிய கோபுரத்தை எட்டி உதைத்தான். உதைத்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். விட்டு விட்டு மூன்று தடவை வருமே, அந்த வில்லன் சிரிப்பு. "ஏம்ப்பா இப்படிப் பண்ணின?" என்று கேட்டேன். அவன் பயப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "கடைசியில சாரி சொல்லிடுவேன் மிஸ்" என்றான்.

சொன்னபடியே செய்தான். சற்று நேரம் கழித்து வந்து சாரி சொன்னான், கட்டியும் பிடித்துக்கொண்டான். அவன் பார்க்கும் கதைகளில் அப்படித்தானே நடக்கிறது? கதை நெடுக ஒருவரையொருவர் தள்ளிவிடுவார்கள், ஏமாற்றுவார்கள், கேலி செய்வார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் இசை மெல்ல மாறும், எல்லோரும் நண்பர்களாகிவிடுவார்கள். அந்த வரிசையை அவன் பிசகில்லாமல் கற்றிருக்கிறான். முதலில் உதை, பிறகு சிரிப்பு, கடைசியில் சாரி.

"எங்கள் கதைகள் எல்லாம் நல்ல நீதியோடுதான் முடிகின்றன" என்று உங்கள் துறையில் இருப்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மைதான், முடிகின்றன. அந்த முடிவை நம்பித்தான் நடுவில் எதை வேண்டுமானாலும் வைக்கிறீர்கள் என்பதே என் கவலை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளரின் பொம்மைச் சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 72 குழந்தைகளோடு நடத்தினார். குத்தினால் சாய்ந்து மறுபடி எழுந்து நிற்கும் காற்றடைத்த பொம்மை ஒன்றை ஒரு பெரியவர் அடிப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகளைத் தனியே விட்டபோது பலர் அதே அடியை, அதே சொற்களோடு அடித்தார்கள். 1963இல் அதே காட்சியைப் படமாகவும், பூனை வேடமிட்டவர் நடிக்கும் கார்ட்டூன் பாணியிலும் காட்டினார்கள். திரையில் பார்த்த பிள்ளைகளும் அடித்தார்கள். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு வந்த சோதனை, அதிகம் பேசப்படாதது.

1965இல் பண்டூரா அந்தப் படத்துக்கு மூன்று முடிவுகள் வைத்தார். ஒன்றில் பொம்மையை அடித்தவருக்குப் பாராட்டும் பரிசும் கிடைக்கும். இன்னொன்றில் அவர் திட்டும் அடியும் வாங்குவார். மூன்றாவதில் எதுவுமே நடக்காது. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பொம்மையை அடித்தார்கள். இங்கேயே நிறுத்தியிருந்தால், கெட்டவன் கடைசியில் அகப்பட்டுக்கொண்டால் போதும் என்ற உங்கள் நம்பிக்கை ஜெயித்திருக்கும். ஆனால் அவர் நிறுத்தவில்லை. படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஸ்டிக்கரும் தருவதாகச் சொன்னார். மூன்று குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. தண்டனையைப் பார்த்தவர்களும் அத்தனையையும் கற்றுத்தான் வைத்திருந்தார்கள். தண்டனை அவர்கள் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட்டிருந்தது, அவ்வளவுதான். நடுவில் நடந்தது அழியவில்லை.

கெட்டவன் கதையிலாவது ஒரு தண்டனை உண்டு. நாயகன் கதையில் அதுவும் கிடையாது. அவன் அடித்தால் கைதட்டல், உடைத்தால் ஆரவாரம், பின்னணி இசை வேறு. பிள்ளைகள் விளையாடும்போது வில்லனாக ஒருவன்தான் இருப்பான், அதுவும் வேண்டாவெறுப்பாக. மற்ற ஏழெட்டுப் பேரும் நாயகர்கள். அடிப்பதெல்லாம் அந்த நாயகர்கள்தான்.

அப்படியென்றால் அடிதடியே இல்லாத, பண்பை மட்டும் சொல்லித்தரும் நிகழ்ச்சிகள் போதுமா? நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். 2008இல் மாரெஸ், அகோஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மூன்று காலோடு வரும் ஒரு நாயைப் பார்த்து மற்ற நாய்கள் பயந்து விலகுகின்றன. பின்னர் தங்கள் தவறை உணர்ந்து சேர்த்துக்கொள்கின்றன. இந்தக் கதையை மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டி, இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டார்கள். நம்மிலிருந்து வேறுபட்டவர்களை ஒதுக்கக்கூடாது என்ற பாடம் பலருக்கும் போய்ச் சேரவில்லை. மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற அளவில் புரிந்துகொண்டவர்கள் பலர். மூன்று கால் நாயிலிருந்து, சக்கர நாற்காலியில் வரும் வகுப்புத் தோழிக்கு எட்டிப் போகிற பாலம் ஐந்து வயது மனதில் தானாக முளைப்பதில்லை. அதே ஆய்வாளர்கள் 2010இல் கதைக்கு நடுவே சுருக்கமான விளக்கங்களைச் சேர்த்துக் காட்டியபோது புரிதல் கூடியது. நடுவே சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆஸ்ட்ரோவும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. கல்வி சார்ந்த நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த பாலர்களிடம், பிறகு, "உன்னைச் சேத்துக்க மாட்டேன்", "உன்கூட டூ" என்று ஒதுக்கிக் காயப்படுத்தும் போக்கு கூடுதலாகத் தென்பட்டது. சண்டையை எப்படித் தீர்ப்பது என்று கற்பிக்க முதலில் ஒரு சண்டையைக் காட்டவேண்டியிருக்கிறது. சண்டைக்கு ஏழு நிமிடம் தருகிறீர்கள், சமாதானத்துக்கு ஒன்றரை நிமிடம். பிள்ளை எதை ஒத்திகை பார்க்கும்?

டப்பிங் எழுதுபவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. மூலத்தில் "நகர்ந்து நில்" என்று மட்டும் இருக்கும் இடத்தில், சிரிப்புக்காக "தள்ளுடா குண்டு" என்று போடுகிறீர்கள். கண்ணாடி போட்ட பாத்திரத்தைப் பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லை, "சோடாபுட்டி"தான். போன ஆண்டு என் வகுப்பில் ஒரு சிறுமி புதிதாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். முதல் நாள் முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாம் நாள் கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துவைத்திருந்தாள். அவளைக் கிண்டல் செய்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பொருள்கூடத் தெரியாது. சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பது மட்டும் தெரியும், நீங்கள்தான் அந்த இடத்தில் சிரிப்பொலியை வைத்திருந்தீர்களே.

பிள்ளைகளின் நடத்தைக்கெல்லாம் திரைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் விதம், தூக்கம், தனிமை, என்னைப் போன்ற ஆசிரியர்களின் பொறுமையின்மை என்று எத்தனையோ சேர்ந்துதான் ஒரு குழந்தையை ஆக்குகின்றன. திரை அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கின் அளவு குறித்து ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு உங்கள் கையில் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெற்றோர்கள் டிவியை அணைத்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கும் நேரத்தைக் குறைக்கவேண்டும் என்று நானும் பெற்றோர் கூட்டங்களில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் 2013இல் டிமிட்ரி கிறிஸ்டகிஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகள் இருக்கும் 565 குடும்பங்கள் அதில் கலந்துகொண்டன. ஒரு பகுதியினரிடம், பார்க்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. வன்முறை நிகழ்ச்சிகளுக்குப் பதிலாக, உதவுவதையும் பகிர்வதையும் காட்டுகிற நிகழ்ச்சிகளை வைக்க மட்டும் வழிகாட்டினார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பழகும் விதம் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மாற்றம் பெரிதாக இல்லை, ஆனால் இருந்தது. நல்ல கதைக்கும் அதே பலம் உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் கேட்பது ஒன்றுதான். வெளியிடும் முன் பிள்ளைகளிடம் காட்டிப்பாருங்கள், காட்டிய பிறகு அவர்கள் விளையாடுவதைப் பாருங்கள். இது புதிய யோசனையும் அல்ல. 1969இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சிக்காக எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் முன் டிவியை வைத்து, பக்கத்திலேயே வேறொரு திரையில் ஏழரை விநாடிக்கு ஒருமுறை மாறும் படங்களைக் காட்டினார். பிள்ளையின் கண் டிவியை விட்டு எப்போது விலகுகிறது என்று குறித்துக்கொண்டார். விலகிய இடங்களைத் திருத்தினார்கள். கண் எங்கே நிலைக்கிறது என்பதை இன்று நீங்கள் அவரைவிட நுட்பமாக அளக்கிறீர்கள். எந்த நொடியில் விரல் அடுத்த காணொளிக்குத் தள்ளுகிறது என்பதுவரை உங்களுக்குத் தெரியும். அந்தக் கவனத்தில் கொஞ்சத்தை, பார்த்து முடித்த பிள்ளை பக்கத்தில் இருப்பவனை என்ன செய்கிறது என்பதில் வையுங்கள். "என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடும், அதில் அவர்கள் சமர்த்தர்கள். பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பாருங்கள்.

எழுதும்போது இன்னொருவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவே அமெரிக்காவில் மூன்று ஆண்டு நடந்த தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வு, அடிதடிக் காட்சிகளில் ஏறக்குறைய பாதியில் அடிபட்டவரின் வலி காட்டப்படுவதே இல்லை என்று பதிவுசெய்தது. பாறை விழுந்து தட்டையானவன் அடுத்த காட்சியில் ஓடிக்கொண்டிருப்பான்.

அன்று என் வகுப்பில் கோபுரம் கட்டிய பையன் அப்படி ஓடவில்லை. சாரியைக் கேட்டுக்கொண்டான், கட்டிப்பிடித்ததற்கும் மறுப்புச் சொல்லவில்லை. பிறகு சிதறிய கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு மூடினான். மறுபடி கட்டலாமா என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம் மிஸ், யாராச்சும் ஒதைப்பாங்க" என்றான். உங்கள் அடுத்த கதையில் அவனுக்கும் ஒரு காட்சி எழுதுங்கள். கடைசியில் வேண்டாம், நடுவிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை