ஞாயிறு மாலை: ட்ராஜிக்கலி ஹிப் கடைசிக் கச்சேரி

நண்பர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு நாம் பேசப்போவது கனடாவின் 'தி ட்ராஜிக்கலி ஹிப்' ராக் குழுவைப் பற்றி. வெளிநாடுகளில் அவ்வளவாகத் தெரியாத பெயர். ஆனால் கனடாக்காரர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

2016 மே மாதம், பாடகர் கோர்ட் டௌனிக்குக் குணப்படுத்த முடியாத மூளைப் புற்றுநோய் என்று அறிவித்தார்கள். அதற்கப்புறமும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். ஆகஸ்ட் 20 அன்று, குழு பிறந்த கிங்ஸ்டன் நகரிலேயே கடைசிக் கச்சேரி. ரியோ ஒலிம்பிக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, விளம்பரமே இல்லாமல் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி நேரலையாகக் காட்டியது. சுமார் 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு கனடியர்! அரங்கில் இடம் கிடைக்காதவர்கள் ஊர்ச் சதுக்கத்தில் பெரிய திரை முன்னால் நின்று கூடவே பாடினார்கள்.

டௌனிக்குப் பளபளக்கும் உடை, இறகு செருகிய தொப்பி, மறந்துபோகும் வரிகளைக் காட்ட மேடையில் திரைகள். 'கிரேஸ், டூ' பாட்டின் முடிவில் அவர் அடக்கமாட்டாமல் அழுது கத்துவார். என்னால் அந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை. நடுவில், வடபகுதிப் பூர்வகுடிகளைக் கைவிடாதீர்கள் என்று அரங்கில் இருந்த அப்போதைய பிரதமர் ட்ரூடோவை வைத்துக்கொண்டே பேசினார். 2017 அக்டோபரில் காலமானார்.

கடைசியாகப் பாடிய 'அஹெட் பை எ செஞ்சுரி'யைக் கேட்டுவிட்டு வாருங்கள். மாலை 6 மணி, நம் குழு அழைப்பில். முடிந்தால் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.